கடைசி வரிசையிலிருந்து இணைய வகுப்பறை: ஆசிரியரின் கருவித் தேர்வும் சட்டம் விதிக்கும் கடமையும்

2020 ஜூன் 1 அன்று கேரள அரசு ‘ஃபர்ஸ்ட் பெல்’ என்னும் பெயரில் விக்டர்ஸ் தொலைக்காட்சி வழியாகப் பள்ளி வகுப்புகளைத் தொடங்கியது. அதே நாளில் மலப்புறம் மாவட்டம் வளாஞ்சேரியில், தினக்கூலித் தொழிலாளி ஒருவரின் மகளான தலித் மாணவி உயிரை மாய்த்துக்கொண்டார். வீட்டிலிருந்த தொலைக்காட்சி பழுதாகிக் கிடந்தது. திறன்பேசி இல்லை. பள்ளிக் கல்விக்கான தொழில்நுட்பக் கட்டமைப்பில் இந்தியாவின் முன்வரிசையில் நிற்கும் மாநிலம் அது. அங்கேயே முதல் நாள் இப்படித்தான் விடிந்தது. அதன் பிறகே சோதனைக் காலம் நீட்டிக்கப்பட்டது, பொது இடங்களில் தொலைக்காட்சிகள் வைக்கப்பட்டன. வசதி இல்லாதவர்களின் கணக்கெடுப்பு, வகுப்பு தொடங்குவதற்கு முன் முடிந்திருக்க வேண்டிய வேலை.

அடுத்த ஆண்டு ஆகஸ்டில் ழான் திரேஸ், ரீத்திகா கேரா உள்ளிட்டோர் ஒருங்கிணைத்த ‘ஸ்கூல்’ ஆய்வு, தமிழ்நாடு உள்ளிட்ட 15 மாநிலங்களிலும் ஒன்றியப் பகுதிகளிலும் வறியோர் வாழும் குடியிருப்புகளுக்குச் சென்று ஏறத்தாழ 1,400 குழந்தைகளின் நிலையைப் பதிவுசெய்தது. ஊரகப் பகுதிகளில் பட்டியலின, பழங்குடிக் குழந்தைகளில் தொடர்ச்சியாக இணையவழியில் படித்தோர் 4 விழுக்காடு. ஏனைய ஊரகக் குழந்தைகளிடையே அது 15 விழுக்காடு. ஆய்வு நடந்தவை எல்லாமே ஏழ்மையான குடியிருப்புகள் என்பதை நினைவில் வைத்து இவ்வெண்களைப் படிக்க வேண்டும். ஏழைகளுக்குள்ளும் இந்த நான்கு மடங்கு இடைவெளி இருக்கிறது என்றால், ‘எல்லா ஏழைகளுக்கும் வந்த கஷ்டம்தானே’ என்ற வழக்கமான சமாதானம் நிற்காது.

பெருந்தொற்று முடிந்துவிட்டது, இப்போது இதைப் பேசுவானேன் என்று கேட்கலாம். இணைய வகுப்பறை போகவில்லை. பல்கலைக்கழக மானியக் குழு 2021 மே மாதம் வெளியிட்ட கருத்துரு, ஒவ்வொரு பாடத்திலும் 40 விழுக்காடு வரை இணையவழியில் நடத்தலாம் என்றது. அதே ஆண்டு வந்த ‘ஸ்வயம்’ ஒழுங்குமுறையும் 40 விழுக்காடு வரையிலான பாடங்களை அத்தளத்தின் வழியே முடிக்க இடமளிக்கிறது. 2024 நவம்பரில் தில்லியில் காற்று மாசு காரணமாகப் பள்ளிகள் மூடப்பட்டபோது, மதிய உணவை இழக்கும் குழந்தைகளையும் இணைய வசதி இல்லாத குழந்தைகளையும் சுட்டிக்காட்டி உச்ச நீதிமன்றம் தளர்வுகளைப் பரிசீலிக்கச் சொன்னது. அதன் பின் அங்கே வந்ததும் நேரடியும் இணையமும் கலந்த முறைதான். நம் ஊரில் கனமழை விடுமுறை அறிவித்த அரைமணி நேரத்தில் ‘ஆன்லைன் கிளாஸ்’ இணைப்பு வந்துவிடும் தனியார் பள்ளிகள் எத்தனை!

ஆகவே எந்தக் கருவியை எடுப்பது, அதை எப்படி அமைப்பது என்ற கேள்வி ஆசிரியரின் தனிப்பட்ட விருப்பமாக இருந்த காலம் முடிந்துவிட்டது. அது ஒரு சமத்துவக் கேள்வி. பல இடங்களில் சட்டக் கேள்வியும்கூட. வகுப்பில் மிகக் குறைந்த வசதி உள்ள மாணவரை அளவுகோலாக வைத்துக் கருவியைத் தேர்ந்தால் மற்றவர்களுக்கு இழப்பு ஏதுமில்லை. மிக அதிக வசதி உள்ளவரை அளவுகோலாக வைத்தால், சேரியிலிருந்து வரும் பிள்ளை வகுப்புக்கு வெளியே நிறுத்தப்படுகிறார். கதவைச் சாத்தியது யார் என்பதும் தெரியாது.

நீதிமன்றங்கள் சொன்னவை

கல்வி உரிமைச் சட்டம், 2009-இன் பிரிவு 3(2), தொடக்கக் கல்வியைத் தொடர்வதற்குத் தடையாகக்கூடிய எந்தக் கட்டணத்தையும் செலவையும் குழந்தையின் மீது சுமத்தக் கூடாது என்கிறது. பிரிவு 8(சி), நலிந்த, பின்தங்கிய பிரிவுக் குழந்தைகள் பாகுபாட்டுக்கு உள்ளாகாமல் பார்த்துக்கொள்ளும் கடமையை அரசின் மேல் வைக்கிறது. இச்சட்டம் எழுதப்பட்டபோது ‘செலவு’ என்றால் சீருடை, பாடநூல், பேருந்து என்றே நினைத்திருப்பார்கள். ரீசார்ஜ் தொகையும் அதில் அடங்குமா?

அடங்கும் என்றது தில்லி உயர் நீதிமன்றம். ‘ஜஸ்டிஸ் ஃபார் ஆல்’ வழக்கில் 2020 செப்டம்பர் 18 அன்று நீதியரசர்கள் மன்மோகன், சஞ்சீவ் நரூலா அமர்வு அளித்த தீர்ப்பின் தர்க்கம் எளிமையானது. பிரிவு 12(1)(சி)-இன் கீழ் 25 விழுக்காட்டு இடங்களில் சேர்ந்த குழந்தைகள் இருக்கும் ஒரு வகுப்பில், பள்ளி தானாக முன்வந்து நேரலை வகுப்பைத் தேர்ந்தெடுக்கிறது. அப்படியானால் அந்த வகுப்பில் அமர்வதற்கான சாதனத்தையும் இணையத் தொகுப்பையும் அக்குழந்தைகளுக்குத் தருவது பள்ளியின் கடமை. தனியார் பள்ளிகள் அத்தொகையை அரசிடமிருந்து ஈடுசெய்துகொள்ளலாம். சாதனம் இல்லாததால் ஒரே வகுப்பின் பிள்ளைகளைப் பிரித்து வைப்பது தாழ்வுணர்ச்சியை விதைக்கும் என்றும் தீர்ப்பு குறிப்பிட்டது. இத்தீர்ப்புக்கு உச்ச நீதிமன்றம் 2021 தொடக்கத்தில் தடை விதித்தது. ஆயினும் அதே ஆண்டு அக்டோபர் 8 அன்று நீதியரசர் டி.ஒய். சந்திரசூட் தலைமையிலான அமர்வு, இணையப் பிளவின் விளைவுகள் அப்பட்டமாகத் தெரிகின்றன என்று கூறி, தில்லி அரசு திட்டம் வகுத்து முன்வைக்க வேண்டும், நிதிப் பொறுப்பில் ஒன்றிய அரசும் பங்கேற்க வேண்டும் என்றது. தடை விதிக்கப்பட்ட தீர்ப்பை முன்னுதாரணமாகக் காட்டும்போது இந்த வரலாற்றையும் சேர்த்தே சொல்ல வேண்டும். இல்லையேல் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் முதல் நிமிடத்திலேயே அதை எடுத்துக்கொள்வார்.

கல்லூரி மாணவர்களுக்கு இன்னும் நெருக்கமானது கேரள உயர் நீதிமன்றத்தின் ஃபஹீமா ஷிரின் தீர்ப்பு (2019 செப்டம்பர் 19). மாலை 6 மணி முதல் இரவு 10 மணி வரை கைப்பேசி கூடாது என்ற விடுதி விதியை எதிர்த்து வெளியேற்றப்பட்ட மாணவி தொடுத்த வழக்கு அது. இணையத்தை அணுகும் உரிமை கல்வி உரிமையின், அந்தரங்க உரிமையின் பகுதி என நீதிமன்றம் கூறியது. 2025 ஏப்ரல் 30 அன்று அமர் ஜெயின் வழக்கில் உச்ச நீதிமன்றம், டிஜிட்டல் அணுகல் அரசமைப்பின் 21ஆம் உறுப்பில் உள்ளடங்கியது என்றது. அது பார்வைக் குறைபாடு உள்ளோரும் அமில வீச்சுக்கு ஆளானோரும் தொடுத்த வழக்கு என்றாலும், ஊரகத்தாரையும் விளிம்புநிலையினரையும் அந்தத் தர்க்கத்துக்குள் நீதிமன்றம் வெளிப்படையாகவே கொண்டுவந்தது.

ஒரு மணி நேர வகுப்பின் எடை

கருவிகளைப் பற்றிப் பேசும் பயிற்சி முகாம்களில் பெரும்பாலும் வசதிகளின் பட்டியலைத்தான் காட்டுகிறார்கள்: வெண்பலகை, சிறுகுழு அறை, வினாடி-வினா. மாணவரின் தரப்பிலிருந்து பார்த்தால் முதல் கேள்வி வேறு. இந்த வகுப்புக்கு எவ்வளவு டேட்டா செலவாகும்?

கணக்கிட்டுப் பார்ப்போம். குழுவாக நடக்கும் காணொளி வகுப்பு, தரத்தைப் பொறுத்து, மணிக்கு அரை ஜிபியிலிருந்து ஒரு ஜிபிக்கு மேலும் விழுங்கும். அதே பாடத்தை நொடிக்கு 32 கிலோபிட் தரத்தில் குரலாக மட்டும் பதிவுசெய்தால் ஒரு மணி நேரத்துக்கு 15 எம்பிகூட ஆகாது. பத்து நிமிடக் குரல் பதிவு இரண்டரை எம்பி. தமிழ்நாடு அரசு 2021 ஜனவரி முதல் ஏப்ரல் வரை 9,69,047 கல்லூரி மாணவர்களுக்கு நாளொன்றுக்கு 2 ஜிபி இலவச டேட்டா அறிவித்தது. நல்ல திட்டம்தான், ஆனால் நான்கு மணி நேரக் காணொளி வகுப்பு நடந்தால் அந்த 2 ஜிபி மதியத்துக்குள் தீர்ந்துவிடும். பள்ளி மாணவர்கள் அத்திட்டத்தில் சேர்க்கப்படவும் இல்லை. ஒரே கைப்பேசியை அப்பா வேலைக்கு எடுத்துச் செல்லும் வீட்டில் அந்த டேட்டாவும் அவரோடு போய்விடும். மாலை அவர் திரும்பும்போது வகுப்பு முடிந்திருக்கும்.

இதிலிருந்து ஒரு நடைமுறை விதி பிறக்கிறது. நேரலை வகுப்பு கூடுதலாக இருக்கலாம், அடிப்படையாக இருக்கக் கூடாது. பாடத்தின் உயிர் எந்நேரமும் எடுத்துப் படிக்கக்கூடிய வடிவில் இருக்க வேண்டும்: பத்து நிமிடக் குரல் பதிவு, இரண்டு பக்கக் குறிப்பின் பிடிஎஃப், கரும்பலகையின் ஒரு புகைப்படம். இவற்றை நிரம்பப் பழைய பாணி என்று சில பேராசிரியர்கள் முகம் சுளிப்பதைப் பார்த்திருக்கிறேன். கடைசி வரிசைவரை போய்ச் சேர்வது இவைதாம்.

வருகைப் பதிவையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். 75 விழுக்காடு வருகை இல்லையேல் தேர்வெழுத முடியாது என்ற விதி பல கல்லூரிகளில் உள்ளது. நேரலையில் நுழைந்த நிமிடத்தை வருகையாக எண்ணினால், சிக்னல் இல்லாத ஊரின் பிள்ளை வராதவராகவே பதிவாவார். கொடுத்த பயிற்சியை மூன்று நாளுக்குள் செய்து அனுப்பினால் வருகை என்று எண்ணுவதற்கு எந்தத் தொழில்நுட்பமும் தேவையில்லை, துறைத்தலைவரின் ஒரு சுற்றறிக்கை போதும்.

கட்டற்ற மென்பொருள்களில் ‘மூடில்’ 2002 முதல் புழக்கத்தில் உள்ளது. அதன் கைப்பேசிச் செயலியில் பாடங்களை இணையம் கிடைக்கும்போது இறக்கிவைத்துக்கொண்டு, இணையமின்றிப் படிக்கலாம். கல்லூரிக்கென ஒரு சேவையகம் இருந்தால் நேரலைக்கு ‘பிக்புளூபட்டன்’ அல்லது ‘ஜிட்சி’ போதுமானது. மாணவரின் தகவல் ஒரு வணிக நிறுவனத்தின் கிடங்குக்குப் போவதில்லை. ஆனால் விடுதிகளுக்கும் சிற்றூர்ப் பள்ளிகளுக்கும் நான் பெரிதும் பரிந்துரைப்பவை இரண்டு. ‘கோலிப்ரி’ என்பது இணையம் இல்லாத இடங்களுக்கென்றே உருவாக்கப்பட்ட கற்றல் தளம். ஒரு பழைய கணினியிலோ உள்ளங்கை அளவுள்ள ‘ராஸ்பெரி பை’யிலோ அதை நிறுவிவிட்டால், அறையிலுள்ளோர் தம் கைப்பேசிகளை அந்தக் கணினியின் வைஃபையோடு இணைத்துப் பாடங்களைப் பார்க்கலாம். ஒரு பைசா டேட்டா செலவாகாது. ‘கிவிக்ஸ்’ வழியாகத் தமிழ் விக்கிப்பீடியா முழுவதையும் அப்படியே இறக்கி வைத்துக்கொள்ளலாம். ஆதிதிராவிடர் நல விடுதி ஒன்றில் இவ்விரண்டையும் அமைக்க ஆகும் செலவு, அந்த விடுதியின் திறப்பு விழாவுக்குப் பிடிக்கும் பதாகைச் செலவைவிடக் குறைவாகவே இருக்கும்.

அரசின் கைவசமும் சில உள்ளன. 2017 செப்டம்பர் 5 அன்று தொடங்கப்பட்ட ‘தீக்‌ஷா’ தளத்தோடு, 2018 முதல் வந்த தமிழ்நாட்டுப் புதிய பாடநூல்களின் கியூஆர் குறியீடுகள் இணைக்கப்பட்டன. ஒரு கைப்பேசியில் இறக்கிய பாடத்தை மற்றொன்றுக்கு இணையமின்றி மாற்றும் வசதி அச்செயலியில் உண்டு. ஆசிரியர்கள் பலருக்கே இது தெரியாது. 2019 ஆகஸ்டில் தொடங்கிய கல்வித் தொலைக்காட்சி பெருந்தொற்றுக் காலத்தில் கைகொடுத்தது. 2006 முதல் வழங்கப்பட்ட இலவச வண்ணத் தொலைக்காட்சியை ‘இலவசக் கலாச்சாரம்’ என்று ஏளனம் செய்த கட்டுரைகள் நினைவிருக்கின்றன. பதினைந்து ஆண்டுகள் கழித்துப் பல குடிசைகளில் வகுப்பறையாக மாறியது அந்தத் தொலைக்காட்சிதான். 2011-இல் தொடங்கிய மடிக்கணினித் திட்டம் பிறகு இடையில் நின்றுபோன ஆண்டுகளில் யார் இழந்தார்கள் என்பதையும் இதோடு வைத்துப் பார்க்கலாம்.

2021 அக்டோபர் 27 அன்று விழுப்புரம் மாவட்டம் முதலியார்குப்பத்தில் தொடங்கிய ‘இல்லம் தேடிக் கல்வி’ ஒரு வகையில் இணைய வகுப்பின் தோல்வியை அரசே ஒப்புக்கொண்டதன் விளைவு. தன்னார்வலர் மாலையில் குடியிருப்புக்கே வந்து ஒன்றரை மணி நேரம் வரை கற்பித்தார். அங்கும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: மையம் எந்தத் தெருவில் அமைந்தது? ஊருக்குள் அமைந்தால் காலனிப் பிள்ளைகள் போக முடிந்ததா, காலனியில் அமைந்தால் ஊர்ப் பிள்ளைகள் வந்தார்களா?

திரை காட்டிக்கொடுப்பவை

அணுகல் கிடைத்துவிட்டால் பிரச்சினை தீர்ந்தது என்று அரசுத் திட்டங்கள் கருதுகின்றன. பள்ளிக்குள் நுழைந்துவிட்டால் தீண்டாமை முடிந்தது என்று முன்பு கருதியது போன்றதே இது.

‘எல்லோரும் கேமராவை ஆன் பண்ணுங்க’ என்ற ஒரு கட்டளையை எடுத்துக்கொள்வோம். நேரடி வகுப்பில் சீருடைக்குள் மறைந்திருந்த வீடு, இப்போது முதுகுக்குப் பின்னால் தெரிகிறது. ஒற்றை அறை, கூரை, அடுப்பு, சுவரில் மாட்டியிருக்கும் அம்பேத்கர் படம். அந்தப் படத்தைப் பெருமிதத்தோடு காட்டுவது மாணவரின் உரிமை. ஆனால் அதைக் காட்டுவதா இல்லையா என்று முடிவெடுக்க வேண்டியவர் அவரே; ஆசிரியரின் கட்டளை அல்ல. பின்னணியை மங்கலாக்கிக்கொள்ளலாமே என்பார்கள். விலை குறைந்த பல கைப்பேசிகளில் அந்த வசதி வேலை செய்யாது. மறைத்துக்கொள்ளும் வசதியும் பணமுள்ளவருக்கே வாய்க்கிறது. கேமராவைக் கட்டாயமாக்காமல் இருப்பது ஆசிரியர் செய்யக்கூடிய மிக எளிய, மிகப் பயனுள்ள சீர்திருத்தம்.

வாட்ஸ்அப் குழுவில் உறுப்பினர் அனைவரின் எண்களும் முகப்புப் படங்களும் எல்லோருக்கும் தெரியும். சாதித் தலைவர்களின் படங்களும் ‘ஆண்ட பரம்பரை’ ஸ்டேட்டஸ்களும் வகுப்புக்குள் நுழைவது இவ்வழியேதான். தென்மாவட்டங்களில் கையில் கட்டும் வண்ணக் கயிற்றுக்கு இணையானது இது. மாணவியரின் எண்கள் வெளியாவதால் வரும் தொல்லை தனி. அதே வாட்ஸ்அப்பில் ‘பிராட்காஸ்ட்’ பட்டியலைப் பயன்படுத்தினால் ஆசிரியரின் செய்தி ஒவ்வொருவருக்கும் தனித்தனியே போகும். ஒருவர் எண் மற்றவருக்குத் தெரியாது. ஆசிரியரின் எண்ணை மாணவர் சேமித்து வைத்திருக்க வேண்டும், அவ்வளவே.

இவற்றைவிட ஆபத்தானது, பகிரப்படும் கூகுள் ஷீட். உதவித்தொகை விண்ணப்பத்துக்காகப் பெயர், சாதி, சான்றிதழ் எண், வங்கிக் கணக்கு ஆகியவற்றை ஒரே அட்டவணையில் நிரப்பச் சொல்லி, இணைப்பைக் குழுவில் போட்டுவிடுகிறார்கள். வகுப்பின் சாதிக் கணக்கெடுப்பு ஒரே நாளில் எல்லோர் கைக்கும் வந்துவிடும். நாங்குநேரியில் 2023 ஆகஸ்டில் பள்ளி மாணவர் ஒருவர் வீடு புகுந்து வெட்டப்பட்ட பின் அமைக்கப்பட்ட நீதியரசர் கே. சந்துரு குழு, 2024 ஜூனில் அளித்த அறிக்கையில், வருகைப் பதிவேட்டில் சாதி தொடர்பான பத்தியே இருக்கக் கூடாது என்றும் உதவித்தொகை விவரங்களை மாணவரிடம் தனியே தெரிவிக்க வேண்டும் என்றும் பரிந்துரைத்தது. அதே ஆண்டு அக்டோபர் 3 அன்று சுகன்யா சாந்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் சிறைப் பதிவேடுகளிலிருந்து சாதிப் பத்தியை நீக்க உத்தரவிட்டது. சிறைவாசிக்குக் கிடைத்த பாதுகாப்பு வகுப்பறையின் கூகுள் ஷீட்டுக்கும் வர வேண்டாமா? இட ஒதுக்கீட்டுக்கும் உதவித்தொகைக்கும் சாதித் தரவு தேவை என்பதில் எனக்கு மறுப்பில்லை. அது அலுவலகக் கோப்பில் இருக்கட்டும், திரையில் வேண்டாம். ஒவ்வொருவரும் தனித்தனியே நிரப்பி, பொறுப்பு அலுவலர் மட்டுமே விடைகளைக் காணும் ‘கூகுள் ஃபார்ம்’ அதே வேலையைச் செய்யும்.

அரசுத் தளம் என்பதாலேயே ஒன்று பாதுகாப்பானதாகிவிடாது. ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் 2022 மே மாதம் 49 நாடுகளின் கல்விச் செயலிகளை ஆராய்ந்து வெளியிட்ட அறிக்கையில் தீக்‌ஷாவும் இடம்பெற்றது. மாணவரின் துல்லியமான இருப்பிடத் தரவைத் திரட்டும் திறன் அதற்கு இருந்ததை அவ்வறிக்கை சுட்டியது. 2023 ஜனவரியில், தீக்‌ஷாவின் தரவுச் சேமிப்பகம் ஒன்று ஓராண்டுக்கும் மேலாகப் பூட்டின்றிக் கிடந்ததும், 10 லட்சத்துக்கும் மேற்பட்ட ஆசிரியர்களின் பெயர்களும் தொலைபேசி எண்களும், ஏறத்தாழ 6 லட்சம் மாணவர்களின் விவரங்களும் வெளியே தெரியும் நிலையில் இருந்ததும் அம்பலமாயின. டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 2023-இன் பிரிவு 9, 18 வயதுக்குட்பட்டோரின் தரவைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதல் வேண்டும் என்கிறது. குழந்தைகளைப் பின்தொடர்ந்து கண்காணிப்பதைத் தடைசெய்கிறது. 2025 நவம்பரில் வந்த விதிகளோ கல்வி நிறுவனங்களுக்குக் கல்விப் பணி, பாதுகாப்பு ஆகியவற்றின் பெயரால் இக்கண்காணிப்புத் தடையிலிருந்து விலக்கு அளிக்கின்றன. முதன்மைக் கடமைகள் நடைமுறைக்கு வர 18 மாத அவகாசமும் உண்டு. விலக்கு எவ்வளவு நீளும் என்பது பள்ளிகளிடம் நாம் எழுப்பும் கேள்விகளைப் பொறுத்தது.

திரையில் விழுந்த வசை

2021 ஏப்ரலில் காரக்பூர் ஐஐடியின் ஆயத்தப் படிப்பு வகுப்பு ஒன்றின் பதிவு வெளியானது. பட்டியலின, பழங்குடி, மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கான இணைய வகுப்பு அது. பேராசிரியர் ஒருவர் மாணவர்களையும் அவர்தம் பெற்றோரையும் இழிவாகத் திட்டியதும், எந்த அமைச்சகத்திடம் வேண்டுமானாலும் போங்கள் என்று சவால் விட்டதும் அதில் பதிவாகியிருந்தன. அவர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார். காலங்காலமாக நேரடி வகுப்புகளில் இதைக் கேட்டு வந்தவர்களுக்கு அதில் புதிதாக எதுவும் இல்லை. சாட்சியம் ஒன்று கையில் இருந்ததுதான் புதிது.

இத்தகைய நிகழ்வில் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், 1989 பொருந்துமா என்பதே மாணவர் அமைப்புகள் என்னிடம் அதிகம் கேட்கும் கேள்வி. பிரிவு 3(1)(ஆர்), இழிவுபடுத்தும் நோக்கில் வேண்டுமென்றே அவமதிப்பதையும், 3(1)(எஸ்), சாதிப் பெயரைச் சொல்லித் திட்டுவதையும் குற்றமாக்குகின்றன. இரண்டுக்கும் பொது நிபந்தனை, செயல் ‘பொதுமக்கள் பார்வையில் படும் இடத்தில்’ நிகழ்ந்திருக்க வேண்டும் என்பது. வழக்குகள் அதிகம் சரிவது இந்தச் சொற்களில்தான். ஹிதேஷ் வர்மா வழக்கில் (2020) வெளியார் இல்லாத வீட்டுச் சுவர்களுக்குள் நடந்தது இதில் சேராது என்றது உச்ச நீதிமன்றம். 2025 ஜனவரி 31 அன்று கருப்புடையார் வழக்கில், திருச்சி மாவட்டத்து வருவாய்த்துறை அலுவலகத்தின் நான்கு சுவர்களுக்குள் நடந்ததாகச் சொல்லப்பட்ட நிகழ்வுக்கும் அதே விடையே கிடைத்தது. சக ஊழியர்கள் பின்னரே வந்தார்கள் என்பது அங்கே முக்கியமாயிற்று.

இணைய வகுப்பு இவற்றிலிருந்து வேறுபடுகிறது என்பது என் வாதம். அங்கே பிற மாணவர்கள் அதே கணத்தில் பார்த்துக்கொண்டும் கேட்டுக்கொண்டும் இருக்கிறார்கள். அவர்கள் திட்டியவரின் உறவினரோ நண்பரோ அல்லர். கேரள உயர் நீதிமன்றம் 2022-இல் சூரஜ் சுகுமார் வழக்கில், இணையத்தில் பதிவேற்றப்பட்ட காணொளியைப் பாதிக்கப்பட்டவர் காணும்போது அவர் அங்கே இருப்பதாகவே கொள்ள வேண்டும் என்றது. நேரலை வகுப்புக்கு இத்தர்க்கம் இன்னும் வலுவாகப் பொருந்தும். மாறாக, ஆசிரியரும் மாணவரும் மட்டுமே இருந்த தனி அழைப்பு என்றால் இந்தப் பிரிவுகளில் நிற்பது கடினம். மேலும், 2024 ஆகஸ்டில் ஷாஜன் ஸ்கரியா வழக்கில் உச்ச நீதிமன்றம், பட்டியலினத்தவரை அவமதித்தது மட்டும் போதாது, அவரது சாதி அடையாளத்தை முன்னிட்டே அவமதித்திருக்க வேண்டும் என்று கூறியது. ஆகவே புகாரில் ‘அசிங்கமாகத் திட்டினார்’ என்று எழுதி நிறுத்திவிடக் கூடாது. என்ன சொல் சொன்னார், எத்தனை பேர் இணைப்பில் இருந்தனர், அவருக்கு உங்கள் சாதி எப்படித் தெரியும் என்பவை புகாரின் முதல் பக்கத்திலேயே இருக்க வேண்டும். 2018-இல் சேர்க்கப்பட்ட பிரிவு 18ஏ-இன்படி முதல் தகவல் அறிக்கைக்கு முன் பூர்வாங்க விசாரணை தேவையில்லை. காவல் நிலையத்தில் ‘கல்லூரியில் பேசிவிட்டு வாருங்கள்’ என்றால் இப்பிரிவைச் சுட்டலாம்.

ஒளிப்பதிவைப் பொறுத்தவரை, ஒருவரின் சம்மதமின்றிப் பதிவானது என்பதாலேயே சாட்சியம் தள்ளப்படுவதில்லை, ஆர்.எம். மல்கானி வழக்கு (1972) முதல் இது நிலைத்த சட்டம். கல்லூரியின் ஒழுங்கு விதி பதிவைத் தடுக்கலாம், அது வேறு பிரச்சினை. ஆனால் 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய அதினியம், பிரிவு 63(4)-இன்படி மின்னணுப் பதிவோடு இரண்டு பகுதிகள் கொண்ட சான்றிதழ் வேண்டும். முதல் பகுதியைப் பதிவை வைத்திருப்பவரும் இரண்டாம் பகுதியை வல்லுநரும் நிரப்ப வேண்டும். கோப்பின் ‘ஹாஷ்’ மதிப்பையும் குறிக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் சுற்றிச் சுருங்கிய நகல் இதற்கு உதவாது. மூலக் கோப்பை எடுத்த சாதனத்திலேயே அழியாமல் வையுங்கள். வெட்டாதீர்கள், எழுத்து ஒட்டாதீர்கள். பரப்புவதற்கு ஒரு நகல், வழக்குக்கு மூலம்.

பணம் எங்கே இருக்கிறது

இவ்வளவுக்கும் நிதி இல்லை என்பது வழக்கமான பதில். தமிழ்நாடு ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் மேம்பாட்டுச் செயல்திட்டச் சட்டம் 2024 ஜூனில் நிறைவேறியது. 2011 கணக்கெடுப்பின்படி மாநில மக்கள்தொகையில் 20 விழுக்காடு பட்டியலினத்தவர், 1.1 விழுக்காடு பழங்குடியினர். அந்த விகிதத்துக்கேற்ப நிதி ஒதுக்கி, அம்மக்களுக்கே பயன்படும்படி செலவிட வேண்டும் என்பதே அச்சட்டத்தின் சாரம். பொதுப் பயன்பாட்டுத் திட்டங்களின் பெயரில் கணக்குக் காட்டுவதை விட, விடுதிக்கு வைஃபை, கோலிப்ரி கணினி, மாணவருக்குக் கைக்கணினி என நேரடியாகச் செலவிடக் கேட்பதற்கு இச்சட்டம் ஒரு பிடிமானம். 2025–26 நிதிநிலை அறிக்கை இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு மடிக்கணினி அல்லது கைக்கணினி என்று அறிவித்திருக்கிறது. அதில் நம் மாவட்டத்து விடுதிகளுக்கு எத்தனை வந்தன என்று கணக்குக் கேட்க வேண்டியவர்கள் மாணவர் அமைப்புகளே.

தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். தரவுப் பாதுகாப்புச் சட்டத்தால் பிரிவு 8(1)(ஜே) திருத்தப்பட்டதால், தனிநபர் விவரம் என்று சொல்லி மறுப்பது அதிகாரிகளுக்கு இப்போது எளிதாகிவிட்டது. ஆகவே பெயர்ப் பட்டியல் கேட்காதீர்கள், எண்ணிக்கை கேளுங்கள்: மாவட்டத்தில் உள்ள ஆதிதிராவிடர் நல விடுதிகள் எத்தனை, இயங்கும் இணைய இணைப்பு உள்ளவை எத்தனை, கணினிகள் எத்தனை, அவற்றில் வேலை செய்பவை எத்தனை, கடந்த மூன்று நிதியாண்டுகளில் இதற்கென ஒதுக்கியது எவ்வளவு, செலவிட்டது எவ்வளவு. 30 நாளில் பதில் வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் பிரிவு 19(1)-இன்படி அதே துறையின் மேல்முறையீட்டு அலுவலருக்கு எழுதலாம். பதில் வந்தால் அதை எடுத்துக்கொண்டு அந்த விடுதிக்கு நேரில் போய், கணினியின் பொத்தானை அழுத்திப் பாருங்கள்.